மாமனார் விட்டுப் போன வேன்: விற்பதா, தானம் கொடுப்பதா?

வீட்டு வாசலில் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு, 'வித்துடலாமா, இல்லே யாருக்காவது கொடுத்துடலாமா' என்று குழம்பிக் கொண்டிருப்பவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் இந்தக் கடிதம். எங்கள் வீட்டில் நாலு மாசமாக இதே பேச்சு. அடுப்பில் சோறு வெந்ததோ இல்லையோ, வேன் பேச்சு மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது!

எங்களுடையது 2006-ல் பதிவான மாருதி ஆம்னி. மிளகும் காபியும் விற்ற காசில் மாமனார் வாங்கியது. எங்கள் கொல்லிமலையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லி விடுகிறேன். கீழே காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வந்து சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் 20 வருஷம் ஏறி இறங்கிய வண்டி அது. சோளக்காடு சந்தைக்குப் பலாப்பழம், வாழைத்தார், அன்னாசி ஏற்றிப் போகும். அதே வண்டியில் ராத்திரி செம்மேடு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வலி எடுத்த பெண்ணையும் ஏற்றிப் போவார் மாமா. தமிழ்நாட்டில் 108 வண்டி வந்ததே 2008-ல்தான். அது வந்த பிறகும், அடைமழை ராத்திரிகளில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது நிற்கவில்லை. பெட்ரோல் காசைக்கூட மாமா வாய் திறந்து கேட்க மாட்டார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் மாமா காலமாகி விட்டார். படுத்த படுக்கையாக இருந்தபோது, "ஏம்மா, வேனை வித்துக் காசாக்கிடாதீங்க. ஊருக்கே கொடுத்துடுங்க" என்று என்னிடம்தான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கோ, மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய கவலை. அத்தை, "செத்தவர் வாக்கு, தட்டாதீங்க" என்று ஒரே பிடிவாதம். ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார், "அண்ணி, நீங்க என்ன செஞ்சாலும் சரி, என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள். நியாயம்தானே? அவளுக்கும் அப்பா சொத்துதானே அது!

விற்பதானாலும் கொடுப்பதானாலும் முதலில் ஒரு வேலை இருக்கிறது. இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தகவல் சொல்லி, 3 மாசத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து எல்லாம் வேண்டும். அத்தையும் நாத்தனாரும் கையெழுத்துப் போட, கார்த்திகையில் எழுதிக் கொடுத்தோம். மார்கழியில் ஆர்.சி. என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. வாரிசுகளுக்குள் மனஸ்தாபம் உள்ள வீடுகளில் கார் அப்படியே வாசலில் துருப்பிடித்து நிற்பது இந்தக் கையெழுத்துக் கிடைக்காமல்தான்.

மாமா ஆசைப்பட்டபடி ஊருக்கே கொடுக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தோம். ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரி அவசரத்துக்கு ஓட்டட்டுமே என்று எண்ணம். விசாரித்தால், நடக்காது என்று தெரிந்தது. அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டி 15 வயதைத் தாண்டினால் அதன் பதிவே செல்லாது என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் விதி போட்டு, அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் நடப்புக்குக் கொண்டு வந்து விட்டது. ஊராட்சி, நகராட்சி எல்லாம் அதில் சேர்த்தி. எங்கள் வேனுக்கோ வயது 20! கொடுத்த மறுநாளே அதை உடைக்கத்தான் அனுப்ப வேண்டும்.

சரி, கோயிலுக்குக் கொடுக்கலாமா என்றார் அத்தை. அதற்கு என் தம்பி குருவாயூர் கதையைச் சொன்னான். 2021 டிசம்பரில் மகிந்திரா கம்பெனி குருவாயூர் கோயிலுக்குப் புத்தம் புது தார் ஜீப் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தது. கோயில் அதை வைத்துக்கொண்டதா? ஏலத்தில் விட்டது. முதல் ஏலத்தில் 15 லட்சத்துச் சொச்சம். அதில் வழக்கு வந்து, 2022 ஜூனில் மறு ஏலம் விட்டதில் 43 லட்சத்துக்குப் போனது. அமெரிக்காவிலும் பழைய காரை தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது ரொம்ப சகஜமாம். அங்கேயும் பல ஸ்தாபனங்கள் ஏலத்தில் விற்றுக் காசாக்கிக் கொள்கின்றன. கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஓட்டைக் காருக்கு ஏகப்பட்ட விலை போட்டுச் சலுகை வாங்கினார்கள் என்று, 2005-லிருந்து, 500 டாலருக்கு மேல் சலுகை கேட்டால் பெரும்பாலும் ஸ்தாபனம் விற்ற விலைக்கு மட்டும்தான் என்று இறுக்கி விட்டார்கள். நம் நாட்டில் 80ஜி சலுகை பணமாகக் கொடுத்தால்தான், பொருளாகக் கொடுத்தால் கிடையாது. எங்களுக்கு வருமான வரியே இல்லை, அந்தப் பேச்சே வேண்டாம் என்று வையுங்கள்! ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. காரை வாங்கிக்கொள்கிற தர்ம இடத்துக்கே வேண்டியது பணம்தான், கார் இல்லை.

மூன்றாவதாக, எங்கள் தெருவில் வேலையில்லாமல் இருக்கும் ஒரு பையனுக்குக் கொடுத்தால் ஓட்டிப் பிழைப்பான், அவசரத்துக்கும் வருவான் என்று பேசினோம். எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் கொடுக்கும் முன் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னேன். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று வாங்குகிறவருக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள், கொடுக்கிறவர் பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்? மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து விட்டு, "அக்கா, பிரேக்கைச் சரி பண்ணிடலாம். அடித்தகடு அங்கங்கே துரு. கீழே சமதரையில ஓடும். ஆளை ஏத்திக்கிட்டு மலை ஏறி இறங்க இனிமே நம்ப வேணாம்" என்று சொல்லி விட்டார்.

செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். வண்டிக்கு 15 வருஷம் முடிந்தபோது, 2021-ல், 5 வருஷத்துக்குப் புதுப்பித்தார் மாமா. அப்போது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார், வேனுக்கு 10,000 என்று ஆக்கி விட்டார்கள். எங்கள் வண்டிக்கு ஆடியில் கெடு முடிகிறது. அதோடு பசுமை வரி, எஃப்.சி.க்குக் காட்டும் முன் தகடு வேலை, வருஷா வருஷம் இரண்டாயிரத்துக்கு மேல் இன்சூரன்ஸ். வருமானமே இல்லாத பையன் தலையில் இத்தனையையும் ஏற்றி விட்டு, 'தானம் கொடுத்தோம்' என்று நாம் மார் தட்டிக் கொள்வதா? அதுவும் வெள்ளை போர்டு வண்டி. வாடகைக்கு ஓட்டினால் சட்டப்படி குற்றம், விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள். மாமா காசு கேட்காமல் ஓட்டினார், அவருக்குத் தோட்டம் இருந்தது. அந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது?

ஆக, விற்பது என்று முடிவானது. அத்தை ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கீழே டவுனில் ஒரு புரோக்கர் 60,000 தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். "பார்ட்டி கிடைச்சதும் நாங்க மாத்திக்குவோம்மா, ஊர் உலகத்துல இப்படித்தான்" என்றார். ஊர் உலகத்தில் இப்படித்தான் நடக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் பெரியப்பா மகன் ஒரு வழக்கைச் சொன்னார். வடக்கே ஒருவர் 2007-ல் தன் காரை விற்று வண்டியையும் கொடுத்து விட்டார். ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. வண்டி பல கை மாறியது. 2009-ல் அது மோதி ஒரு பையன் இறந்து போனான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று! யார் ஓட்டினானோ, எங்கே ஓட்டினானோ, மாட்டிக் கொண்டவர் வண்டியை எப்போதோ விற்று விட்ட மனிதர். சும்மா தானமாகக் கொடுத்தாலும் இதேதான். காசு வாங்கினோமா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை, பெயர் மாறியதா என்றுதான் பார்க்கிறது.

காயலான் கடையையும் யோசித்தோம். 2021-ல் வந்த விதிப்படி, அரசு அனுமதி பெற்ற உடைக்கும் இடத்தில் கொடுத்தால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துப் புது வண்டி வாங்கும்போது வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய அரசு விதியில் உள்ளது. புது வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு அது சரி. நாங்கள் வாங்கப் போவதில்லை. எண்ணூறு கிலோ கூட இல்லாத ஆம்னிக்கு இரும்பு விலை எவ்வளவு தேறும்? ஓடுகிற வண்டியை உடைக்க மனசும் வரவில்லை. தெரு ஓரமாக உள்ள கடையில் எடைக்குப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பதிவு ரத்தாகாது, பெயர் நம் தலையிலேயே நிற்கும்.

சேந்தமங்கலம் பக்கம் வீட்டுச் சாமான் ஏற்றி வியாபாரம் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். பிரேக் வேலை செய்து கொடுக்கிறோம், தகட்டில் துரு இருக்கிறது, ஆடியில் பத்தாயிரம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், மலை ஏற்றாதீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னோம். 48,000-க்கு முடிந்தது. புரோக்கர் சொன்னதை விட 12,000 குறைவு. "என்னங்க, பன்னெண்டாயிரத்துக்கு ராத்திரி தூக்கத்தை விக்க முடியுமா?" என்றேன். அவரும் சரி என்றார். வாங்குபவரின் பெயர், விலாசம் எல்லாம் எழுதிய பிறகுதான் கையெழுத்து. விற்றவர் 14 நாளுக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் ஒரே நாளில் இரண்டு பேரும் நேரில் போய்க் கொடுத்து விட்டோம். வண்டி கொடுத்த தேதி, மணி போட்டு ஒரு கடுதாசியில் அவர் கையெழுத்தும் வாங்கினேன். கண்ணாடியில் இருந்த பாஸ்டாக் ஸ்டிக்கரை மறக்காமல் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் டோல்கேட் தாண்டும்போது நம் காசு போகும். பங்குனியில், பரிவாகன் பக்கத்தில் நம்பரைப் போட்டு, பெயர் மாறி விட்டதை மகள் செல்போனில் காட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

28,000 மகள் படிப்புக்கு. 20,000-ஐ எங்கள் மகளிர் குழுவில் தனிக் கணக்காகப் போட்டோம். ராத்திரி அவசரத்துக்கு ஜீப் வாடகை கொடுக்க முடியாத பெண்களுக்கு மட்டும் என்று தீர்மானம் எழுதி, அத்தையைத்தான் முதல் கையெழுத்துப் போட வைத்தோம். நாத்தனார் தன் பங்கையும் அதிலேயே இருக்கட்டும் என்று சொல்லி விட்டாள்.

இதுவரை ரெண்டு தடவை பணம் எடுத்திருக்கிறோம், ரெண்டும் பிரசவத்துக்கு. வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட வேண்டுமா, கூடாதா என்று குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை. கட்டாவிட்டால் வருஷத்துக்குள் தீர்ந்து விடும் என்கிறார்கள் சிலர். மாமா கேட்டதில்லையே என்கிறார் அத்தை.

- ஒரு வாசகி, தேவனூர் நாடு, கொல்லிமலை