விருந்தினர் வந்த ஊரில் தொண்டர்



பெரிய விளையாட்டு விழா ஒன்று முடிந்ததும், வென்றவர் பெயர்கள் நாளேடுகளில் நிறைகின்றன. வந்தவரை நிலையத்தில் எதிர்கொண்டவர் யார், மொழி தெரியாத ஊரில் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இத்தகைய வேலைகளிற் பெரும்பகுதியை ஊதியம் பெறாத தொண்டர்களே செய்கின்றனர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சாரணச் சிறுவர்கள் இப்பணியில் நின்றார்கள். 2012இல் அதே நகரில் மீண்டும் விழா நடந்தபோது, தொண்டர் தொகை ஏறத்தாழ 70,000.

நம் மாநிலத்திற்கு அத்தகைய வாய்ப்பு 2022இல் வந்தது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ருஷியாவில் நடைபெறுவதாக இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அந்நாடு உக்ரைன்மீது படையெடுக்கவே, போட்டி இடம் மாறியது. மார்ச்சு மாதத்தில் சென்னைக்கு அது கிடைத்தது. ஏற்பாடு செய்ய எஞ்சியிருந்தவை நான்கு திங்களே. ஜூலை 28இல் சென்னையில் தொடக்க விழா. மறுநாள் முதல் ஆகஸ்டு 9 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 11 சுற்று ஆட்டங்கள். பொதுப்பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் ஆடின. 1956இல் மாஸ்கோவில்தான் இந்தியா முதன்முதலாக ஒலிம்பியாடில் கலந்துகொண்டது. அதன்பின் அறுபத்தாறு ஆண்டு கழித்து, விருந்தாளியாயிருந்த நாடு வீட்டுக்காரனாயிற்று. சென்னை நேப்பியர் பாலத்திற்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டியதை நீங்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள்.

என்னிடம் பயின்ற சிவகாசி இளைஞன் ஒருவன் அங்கே தொண்டனாக இருந்தான். ஊர் திரும்பியபின் என்னைக் காண வந்தவனிடம், "ஆட்டமெல்லாம் எப்படியப்பா இருந்தது?" என்று கேட்டேன். "கதவின் வெளிப்புறத்தை நன்றாகப் பார்த்தேன் ஐயா" என்றான். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த நாள்களில், இவன் வாசலில் நின்று, கைப்பேசியை உள்ளே கொண்டுபோகலாகாது என்று வருபவர்க்கெல்லாம் பணிவுடன் சொல்லிக்கொண்டிருந்தான்! தொண்டராகப் போகிறவர் முதலில் அறிய வேண்டியது இதுவே. விளையாட்டைக் காண விரும்புவோர் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சதுரங்கத்திற்கோ அமைதி உயிர் போன்றது. அங்கே ஆரவாரத்திற்கும் இடமில்லை. பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்ற செய்தியைக்கூட அவன் பிறர் சொல்லக் கேட்டானாம்.

ஆயினும் அவன் வேறொன்றைப் பார்த்தான், அது ஊர். ஆட்டங்கள் கடைசிச் சுற்று நீங்கலாகப் பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கின. இடையில் ஆகஸ்டு 4 ஓய்வு நாள். ஆதலின் காலைப்பொழுதில் வீரர்கள் கடற்கரைக்கும் குகைகளுக்கும் புறப்படுவார்கள். பணி நேரம் தொடங்குமுன் இவனும் நடந்தான். பெருந்தபசுப் பாறையின்முன் வெளிநாட்டார் ஒருவர், "இந்தப் பூனை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது?" என்று கேட்டார். அருகே தவம் செய்யும் முனிவரைப் போலவே பூனையும் கைதூக்கி நிற்க, அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. பொய்த்தவத்தைக் கேலி செய்த சிற்பியின் நகைச்சுவையை இவன் எடுத்துச் சொன்னான். அவ்வாறு சொல்ல முடிந்ததற்குக் காரணம், முதல்நாள் மாலையே அங்கு நின்று, முதியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டமைதான். அப்பாறை அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்பதில் அறிஞர்க்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு. தொண்டர் இரண்டையும் சொல்லலாம். ஒன்றையே முடிந்த முடிபாகச் சொல்லலாகாது. ஐந்து ரதங்கள் பாறையைக் குடைந்து செதுக்கியவை; கடற்கரைக் கோயிலோ கற்களை அடுக்கிக் கட்டியது. இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே அவ்வூரை ஒருவாறு காட்டிவிடலாம். வழிகாட்டி நூல்கள் சொல்லாத ஒன்றும் உண்டு: தெருக்களில் உளியோசை இன்றும் கேட்கிறது. கல் தச்சரின் பட்டறை வாசலில் கால்மணி நேரம் நின்றவன், பல்லவர் கலையைப் பற்றிய ஒரு பாடத்தைப் படித்தவனாவான்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வந்தவர் கேட்கும் கேள்விகளும் புதிதாகவே இருக்கும். "உன் ஊர் எது?" என்று ஒருவர் அவனைக் கேட்டாராம். சிவகாசி என்றான். "அங்கே என்ன சிறப்பு?" என்பது அடுத்த கேள்வி. இதற்குத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி நம் வட்டாரத்தில் ஆகின்றது என்று பெருமையுடன் சொல்வது எளிது. அத்தொழிலில் உயிரிழந்தோரைப் பற்றிக் கேட்டால்? 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும் விபத்துகள் நின்றபாடில்லை. இதை விருந்தினரிடம் மறைக்க வேண்டுமென்று சிலர் சொல்வர். எனக்கு அது உடன்பாடன்று. மழை குறைந்த கரிசல் மண்ணில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவதும் அத்தொழில்தான். ஆட்களைப் பலி கொள்வதும் அத்தொழில்தான். இரண்டையும் நேராகச் சொல்லத் தெரிந்த இளைஞனை எந்த நாட்டாரும் மதிப்பர். கூடவே இன்னொன்றும் சொல்லலாம். அதே 2022ஆம் ஆண்டில், சிவகாசிக்கு அருகிலுள்ள வெம்பக்கோட்டையில் அகழாய்வு தொடங்கியது. அங்கே பழங்காலத்துச் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. சதுரங்கம் காண வந்தவர்க்கு இதைவிடச் சுவையான செய்தி வேண்டுமோ?

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. தொண்டுக்கு ஊதியமில்லை, ஆனால் செலவு உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் தீபாவளிக்காக நம் வட்டாரம் முழுமூச்சாய் உழைக்கும் காலம். அப்போது இரண்டு வாரம் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்குச் செல்லுதல் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் இயலுமா? லண்டனில் 2012இல் தொண்டர்க்குச் சீருடையும் உணவும் நகருக்குள் பயணமும் கிடைத்தன, தங்குமிடம் கிடைக்கவில்லை. வெளியூர்ப் பிள்ளை அங்கேதான் இடறுகிறான். ஆகவே, விண்ணப்பிக்குமுன்பே தங்குமிடம், உணவு, பயணம், பணி நேரம் ஆகியவற்றைக் கூச்சமின்றிக் கேட்டுவிடுங்கள். சான்றிதழ் ஒன்றே கிடைக்கும் என்றால், வீட்டு நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊராரும் இதற்குக் கை கொடுக்கலாம். விருதுநகரில் வீடுதோறும் ஒரு பிடி அரிசி திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததே. ஊருக்கு இரண்டு மாணவரின் வழிச்செலவு அத்தனை பெரிய பாரமா?

ஆங்கிலம் வராதே என்ற அச்சமும் பலருக்கு உண்டு. பங்குனிப் பொங்கலின்போது நீர்மோர் வழங்கியவரும், ஆண்டாள் தேர் வரும்போது கூட்டத்தை ஒதுக்கி வழிவிட்டவரும் நம்மிடையே எத்தனையோ பேர். கூட்டத்தில் நிதானம், முதியவர்க்கு முன்னுரிமை, தாகம் கண்ட இடத்தில் தண்ணீர் ஆகியவற்றை அவர்கள் முன்பே கற்றவர்கள். நூறு ஆங்கிலச் சொற்களை ஒரு மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்; நிதானத்தை அவ்வளவு விரைவில் சேர்த்துக்கொள்ள முடியாது.

தொலைவு என்ற தடையும் இப்போது சிறிது குறைந்துள்ளது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை, 24 நாடுகள் ஆடிய ஆண்கள் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. விருதுநகரிலிருந்து மதுரை ஒரு மணி நேரப் பயணம்; பணி முடிந்து இரவே வீடு திரும்பலாம். உலகப் போட்டி ஒருமுறை வந்த நகருக்கு மறுமுறையும் வரக்கூடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் நடந்து பாருங்கள். மீனாட்சி கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைச் சூழ ஆவணி மூல வீதி. அடுத்து மாசி வீதி. அதற்கும் அப்பால் வெளி வீதி. ஒவ்வொன்றிற்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கம். இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து காட்டினால், தமிழ் ஓர் எழுத்தும் அறியாத ஜெர்மானியரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே தம் விடுதிக்குப் போய்ச் சேர்வார்.