மேல்கோட்டையில் ஒரு பீபி நாச்சியார்

காவிரித் தகராறு கிளம்பும்போதெல்லாம் பத்திரிகைகளில் அடிபடும் பெயர் மாண்டியா ஜில்லா. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள மேல்கோட்டையும் அந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. பங்குனி வைரமுடி சேவைக்குக் கன்னட நாட்டார் திரள் திரளாக வரும் அந்தத் தலத்தில், செல்வநாராயணர் சந்நிதியில் இன்றும் ஓதப்படுவது ஆழ்வார்களின் தமிழ்.

சுல்தான் மகள்

உற்சவர் செல்வப்பிள்ளையின் திருவடியில் சிறிய பெண் உருவம் ஒன்று உண்டு. பீபி நாச்சியார் என்று பெயர். துலுக்க நாச்சியார் என்றும் சொல்வார்கள். டெல்லி அரண்மனையில் இருந்த விக்கிரகத்தை ராமானுஜர் மீட்டு வந்தாராம். பிரிய மனமில்லாத சுல்தான் மகள் பின்னாலேயே வந்து பெருமாளோடு ஐக்கியமானாள் என்பது ஐதீகம்.

வருஷக் கணக்கு இதற்கு ஒத்து வராது. ராமானுஜர் பரமபதித்தது 1137-ல் என்பது மரபு. டெல்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியதோ 1206-ல். இருந்தாலும், அந்நிய மதத்துப் பெண்ணை வாசலில் நிறுத்தாமல் திருவடியில் வைத்த பக்தர்களின் மனசு பெரிது.

காதலே பக்தி

கடவுளைக் காதலனாக எண்ணி உருகுவது ஆழ்வார்கள் வழி. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினார்கள். சூபி ஞானிகளின் பாட்டுக்கும் இந்தக் காதல்தான் உயிர். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு (1792–1838) இறைவனை மனோன்மணி என்ற காதலியாக்கிப் பாடினார். சென்னை ராயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் அவருக்கு இந்துச் சீடர்களும் உண்டு.

கன்னடத்து மஸ்தான்

கன்னடத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். ஹாவேரி ஜில்லா சிசுநாளத்தில் பிறந்த ஷரீப் சாகிபு (1819–1889). அவருடைய குரு கோவிந்த பட்டர், ஒரு பிராமணர். ஷரீப்பின் பாடல்களைத் 'தத்துவபதம்' என்பார்கள். ஒழுகும் கூரை, குரங்கை விழுங்கிய கோழி என்று பட்டிக்காட்டுப் பேச்சில் போகும். நம் சித்தர் பாட்டு மாதிரி, வெளியே ஓர் அர்த்தம், உள்ளே ஓர் அர்த்தம். கிராமத்துப் பஜனைகளில் ஒலித்த இந்தப் பாடல்களை, சி. அஸ்வத் இசையமைத்த 1990-ம் ஆண்டு சினிமாப் படம் பட்டணத்துக்கும் கொண்டு சேர்த்தது.

பிழைக்க வந்த ஊரில் வேலைக்கு வேண்டிய கன்னடத்தை நாம் சீக்கிரமே பேசிப் பழகிவிடுகிறோம். ஆனால் பக்கத்து வீட்டாரின் மனசை அறிய அது மட்டும் போதாது. அவர்களுடைய பாட்டும் தெரிய வேண்டும். பீன்யா தொழிற்சாலையிலோ மைசூர் ஆபீசிலோ கூட வேலை செய்பவர் ஷரீப் பாட்டை முணுமுணுத்தால், அர்த்தம் கேளுங்கள். பதிலுக்குக் குணங்குடியாரைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மேல்கோட்டைக்கு பஸ் ஏறுங்கள்.