சீனாய் மடத்தின் ஏணிப்படம்

எகிப்து நாட்டுச் சீனாய் மலையடிவாரத்திலே பரிசுத்த கதரின் பெயரால் வழங்கும் துறவியர் மடம் ஒன்றுண்டு. 6ஆம் நூற்றாண்டிலே யுஸ்தீனியன் என்னும் பைசாந்தியப் பேரரசன் அதனை மதில்சூழக் கட்டுவித்தான். 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் அப்பேரரசிலே திருவுருவங்களை அழிக்குமாறு ஆணை பிறந்தது. அக்காலத்திற் சீனாய் முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்தமையால் ஆணை அங்கு எட்டவில்லை. பழம் படங்கள் பல பிழைத்தன. நாம் இங்கு நோக்குவது அவற்றுக்குப் பிற்பட்ட, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பெற்ற ஒரு படமாகும்.

ஏறத்தாழ 16 அங்குல உயரமும் 12 அங்குல அகலமுமுள்ள மரப்பலகை அது. பின்னணி முழுதும் பொன். அப்பொன்வெளியின் குறுக்கே, கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறம்வரை, ஓர் ஏணி சாய்ந்து நிற்கின்றது. துறவிகள் அதில் ஏறுகின்றனர். உச்சியிலே விண்ணகத்தினின்றும் கிறிஸ்து நோக்கி நிற்கின்றார்.

இவ்வேணி ஓவியன் தன் மனம்போனபடி புனைந்ததன்று. 7ஆம் நூற்றாண்டில் அம்மடத்தின் தலைவராயிருந்த யோவான் என்பார், துறவு வாழ்க்கையை 30 படிகளாக வகுத்து ஒரு நூல் செய்தார். ஏணி என்பதற்குரிய கிரேக்கச் சொல்லே அவருக்குப் பின்னர் அடைபெயராயிற்று. உலகைத் துறத்தல் முதற்படி; அன்பு இறுதிப்படி. பெருந்தீனியை வெல்லுதல் 14ஆம் படி. அகந்தையை வெல்லுதலோ 23ஆம் படியிலேதான் வருகின்றது! உணவாசையை வென்று பல படிகள் கடந்தவனுக்கும் அகந்தை காத்திருக்கின்றது என்பது அந்நூலாசிரியர் கண்ட உண்மை.

ஓவியனும் இதனை நன்குணர்ந்தவன். கரிய நிழல்போன்ற சிறு பேய்கள் சிறகு விரித்து, வில்லாலும் கயிற்றாலும் துறவிகளைத் தாக்குகின்றன. விழுபவர் அடிப்படியில் நிற்பவர் மட்டுமல்லர். உயர ஏறியோரும் தலைகீழாக வீழ்கின்றனர். நீண்ட தாடியோ தவக்கோலமோ அவர்களைக் காக்கவில்லை.

உச்சியில் முதல்வராக நிற்பவர் யோவான். அவருக்கு அடுத்தாற்போல் வெண்ணிற ஆடையுடன் ஏறுபவர் பேராயர் அந்தோனியோஸ் என்பது எழுத்தாற் குறிக்கப்பட்டுள்ளது. படம் வரையப்பட்ட காலத்தில் அவரே மடத்தலைவராயிருந்தார் என அறிஞர் கருதுவர். அகந்தைக்கு அஞ்சுமாறு கூறும் படத்திலே, வாழுங் காலத்தில் ஒருவருக்கு இத்துணை உயர்ந்த இடம் அளித்தது பொருந்துமோ என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் அவரும் இன்னும் ஏணியிலேதான் நிற்கின்றார். அவர் காலும் படியிலிருந்து வழுவக்கூடியதே.

மேலே இடப்புறத்திலே தேவதூதர் திரண்டு நோக்குகின்றனர். ஒருவரேனும் இறங்கிவந்து கைகொடுத்திலர். கீழே வலப்புறத்திலே துறவியர் கூட்டமொன்று ஏணியையே அண்ணாந்து பார்த்து நிற்கின்றது.