பண்பறிந்து பெயரிடுவோம்

பெயர்ச்சொல்லின் இயல்பை விளக்கி நிற்கும் சொல்லைப் பெயரடை என நாம் இலக்கணத்திற் கற்கின்றோம். இணையப் பக்கங்களை ஆக்க உதவும் எச்.ரி.எம்.எல். மொழியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இலண்டனிற் பிறந்த ரிம் பேர்னேர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டு தாம் முன்மொழிந்த இணைய வலைக்காக உருவாக்கிய மொழி இது. பொத்தான், பெட்டி முதலிய உறுப்புகளைக் குறிச்சொற்கள் அமைக்கின்றன; அவற்றின் இயல்பை உரைப்பவை பண்புக்கூறுகள். இன்று நிரலாளர் தாமே புதிய குறிச்சொற்களை ஆக்கலாம். அவற்றின் பண்புக்கூறுகளுக்குப் பெயரிடுவதும் அவர்தம் பொறுப்பாகும்.

இப்பொறுப்பின் அருமையை, ஆங்கிலப் படிவங்களை நிரப்பிய தமிழ்ப் பெற்றோர் நன்கறிவர். கந்தையாவின் மகன் குமரன் எனக் கொள்வோம். நம் வழக்கப்படி அவன் கந்தையா குமரன். 'முதற்பெயர்' என்று கேட்டால், முதலில் நிற்கும் கந்தையா என்பதே அப்பெட்டியிற் சேரும். வகுப்பிலே மகன் தந்தையின் பெயரால் அழைக்கப்படுவான். 'இட்ட பெயர்' என்று கேட்டாலோ குமரன் என்பதே விடையாகும். முன்னது இடத்தைச் சுட்டுகின்றது. பின்னது பொருளைச் சுட்டுகின்றது. 'குடும்பப்பெயர்' என்னும் பெட்டியோ, தந்தை பெயரையே உடன் கொள்ளும் நம்மிற் பலருக்குப் பொருந்துவதில்லை. எச்.ரி.எம்.எல். தரநிலையும் பெயர்ப் பெட்டிகளை வகைப்படுத்துகையில் 'ஃபர்ஸ்ட் நேம்' என்னாது 'கிவன் நேம்' என்றே குறிக்கின்றது. பொதுவாக முழுப்பெயரை ஒரே பெட்டியிற் பெறுவதே நன்றெனவும் கூறுகின்றது.

இதிலிருந்து பெறத்தக்க நெறிகள் சில. தோற்றத்தை விடுத்துப் பொருளால் பெயரிடுக. 'சிவப்பு' என்று பெயரிட்ட பண்புக்கூறு, நிறம் மாறிய அன்றே பொய்யாகிவிடும். 'எச்சரிக்கை' என்பது என்றும் பொருந்தும். ஏற்கெனவே பொருள் வரையறுக்கப்பட்ட பெயரை வேறு பொருளில் ஆளற்க. 'லாங்' என்பது மொழியைக் குறிக்கும் பண்புக்கூறு. பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், தமிழ்க் குரலைத் தெரிவுசெய்ய அது துணைபுரிகின்றது. 'டிசேபிள்ட்' போன்றவை எழுதப்பட்டிருந்தாலே 'ஆம்' எனப் பொருள்படும். அருகில் 'இல்லை' என எழுதினும் பொத்தான் இயங்காது. ஆதலால் இவ்வகைப் பெயர்களை, எழுதாது விட்டாலே வழமையான நிலை அமையுமாறு தெரிந்தெடுத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் படிவங்களை ஆக்குவீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பெயரிடுமுன், அதனை நிரப்பப்போகும் உங்கள் பாட்டனாரை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அவர் தம் பெயரைத் தயக்கமின்றி எழுத முடியுமாயின், நீங்கள் இட்ட பெயர் நற்பெயரே.