நாட்டு மெட்டும் சாரமதியும்

1985ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான தேசிய விருதுகளில், ‘சிந்து பைரவி’க்காகச் சிறந்த இசையமைப்பாளர் விருது பெற்றவர் பண்ணைப்புரத்து இளையராஜா. ‘முதல் மரியாதை’ப் பாடலுக்காக விருது பெற்ற வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர், அப்படத்தை இயக்கிய பாரதிராஜாவோ அல்லிநகரத்தார். மூன்றும் இன்றைய தேனி மாவட்டத்து ஊர்கள்.

‘சிந்து பைரவி’யில் சித்ரா பாடித் தேசிய விருது பெற்ற பாடலைக் கூர்ந்து கேளுங்கள். நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, ஸ்வரங்களில் ஏறி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் கலக்கிறது. காம்போதிக்குரிய அக்கீர்த்தனையை இளையராஜா சாரமதி இராகத்தில் அமைத்தார். நாட்டு மெட்டும் சாரமதியே. ஆதலின் இணைப்பு புலப்படுவதில்லை.

அதற்குமுன், கம்பம் பள்ளத்தாக்கின் நடவுப்பாட்டை வகுப்பில் முணுமுணுத்த சிறுவனை, “இதுவும் சங்கீதமா?” என்று கடிந்தவன் நான். படம் பார்த்த மறுநாள் அவனையே பாடச் சொன்னேன். தலைகுனிந்து நின்றானேயன்றி, வாய் திறக்கவில்லை.