ஊர்கூடி நடத்தும் பாரதம்

பங்குனி பிறந்துவிட்டால் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, காஞ்சிபுரம் பக்கத்து டீக்கடைச் சுவர்களில் ஒருவகை நோட்டீஸ் கண்ணில் படும். மேலே திரௌபதி அம்மன் படம். அதன் கீழ் ‘அக்னி வசந்த மகாபாரதப் பெருவிழா’ என்று தலைப்பு. பிறகு தேதி, கிழமை, உபயதாரர் பெயர் என்று கட்டம் கட்டமாக நிகழ்ச்சி நிரல். பகலில் பாரதச் சொற்பொழிவு; இரவு 10 மணிக்குக் கட்டைக்கூத்து; நடுவில் ஒருநாள் பகாசூரன் வதம், இன்னொரு நாள் அர்ச்சுனன் தபசு; கடைசியில் துரியோதனன் படுகளம், அன்று மாலையே தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகத்தோடு நோட்டீஸ் முடியும்.

பேச்சு, பாட்டு, நாடகம், ஊரே இறங்கிச் செய்யும் சடங்கு ஆகிய நான்கையும் ஏறக்குறைய 20 நாட்களுக்கு ஒரே கதையில் கோத்து நடத்துகிற கலைவிழா இது. நாட்கணக்கு ஊருக்கு ஊர் கூடும், குறையும். ஆண்டுதோறும் நடத்துகிற ஊர்கள் உண்டு. மழையும் விளைச்சலும் கைகொடுக்கும் ஆண்டில் மட்டும் நடத்துகிற ஊர்களும் உண்டு. விளம்பர நிறுவனமோ விழா இயக்குநரோ கிடையாது. தர்மகர்த்தா, நாட்டாமை, வரவு செலவு எழுதத் தெரிந்த இரண்டு பேர், ஓடியாட நாலு இளவட்டங்கள். இவர்களை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக விழா நடந்து வருகிறது.

இந்த வட்டாரத்துக்குப் பாரதம் கேட்பது புதிதல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலுக்குக் கொடுத்த ஊரின் வருவாயை அது பங்கு பிரிக்கிறது. மண்டபத்துக்கான தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. கதை சொல்பவருக்குப் படியளக்க வேண்டும், கேட்க வருபவர்களுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும் என்ற இரண்டையும் அன்றே யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் விழாக் குழுவின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்துச் செலவுகள் இவைதான்.

பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து வசூலிப்பது. மற்றது உபயம். இந்த நாள் கூத்து இந்தக் குடும்பத்தார் செலவு, அந்த நாள் அன்னதானம் அந்தத் தெருக்காரர் செலவு என்று ஏற்றுக்கொள்வது. வரி கொடுத்தவனுக்கு விழாவில் உரிமை வருகிறது. உபயம் ஏற்றவனுக்கு நோட்டீஸில் பெயர் வருகிறது. மைக் செட்டு கரகரத்தால் யாரும் ஒதுங்கி நின்று முணுமுணுப்பதில்லை. அது தன் காசு என்று நேரே போய்ச் சண்டை பிடிக்கிறார்கள்.

ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்கும், பாரதம் சொல்லும் பிரசங்கியாருக்கும் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துத் தேதி பிடிக்கிறார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை நல்ல ஜமாக்களுக்கு ஓய்வே கிடையாது; ஓர் ஊரில் படுகளம் முடித்த கையோடு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவார்கள். அதனால் தேதி பிடிக்கும் வேலையைத் தாமதிக்கிற ஊருக்கு விரும்பிய ஜமா கிடைக்காது.

கொடியேறிக் காப்புக் கட்டிய பிறகு ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். பக்தியின் பெயரால் சொல்லப்படும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நடைமுறைப் பலனும் இருக்கிறது. ஆட்டம் பார்க்கவும் வேலை செய்யவும் ஆள் ஊரிலேயே இருக்கும்.

விழாவின் முதுகெலும்பு பகல் நேரத்துப் பேச்சு. வெயில் கொளுத்தும் பிற்பகலில் கோயில் பந்தலில் பிரசங்கியார் உட்காருவார். பக்கத்தில் ஆர்மோனியம், பின்பாட்டுக்காரர். வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து ஒரு விருத்தத்தை இழுத்துப் பாடிவிட்டு, சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வார். அடுத்த நிமிடமே சகுனியின் பகடையிலிருந்து ஊரில் நடக்கும் சீட்டாட்டத்துக்குத் தாவுவார். குந்தியின் துயரத்திலிருந்து மாமியார் மருமகள் சண்டைக்கு வருவார். முன்வரிசையில் பெரும்பாலும் வயதான பெண்கள். எழுத்தறியாத பலருக்கு 4,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட ஒரு காப்பியம் அத்துப்படியானது இப்படித்தான். வில்லியின் நூல் 18-ஆம் நாள் போரோடு முடிகிறது. தருமர் பட்டாபிஷேகம் நீங்கலாக, விழாவின் கதையும் அங்கேதான் முடிகிறது.

பகலில் காதால் கேட்ட கதை, இரவில் ஆடுகளமான களரிக்கு வருகிறது. விழாவின் பின்பாதியில் எட்டு, பத்து இரவுகளுக்குக் கூத்து உண்டு. சாயங்காலமே கொட்டகையில் அரிதாரம் பூசத் தொடங்கிவிடுவார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கீர்த்தி, மார்பதக்கம். இந்தக் ‘கட்டை’ அணிகள்தான் கட்டைக்கூத்து என்ற பெயருக்குக் காரணம். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் ஒன்றாக எழும்ப, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் பாடிக்கொண்டே வரும். திரை விலகும்வரை தெரிவது கிரீடத்தின் நுனியும் சலங்கை கட்டிய காலும் மட்டுமே.

களரியில் ஊரையும் ஆட்டத்தையும் இணைப்பவன் கட்டியங்காரன். ராஜாவுக்குச் சேவகன், கதைக்கு விளக்கக்காரன், கூட்டத்துக்குக் கோமாளி என்று மூன்று வேலையும் அவனுடையது. தூங்கி விழுபவரைப் பெயர் சொல்லி எழுப்புவான். யாராவது எழுந்து வந்து துரியோதனன் மார்பில் ரூபாய் நோட்டைக் குத்தினால், சபையை நிறுத்தி, இன்ன தெரு, இன்னார் மகன், இவ்வளவு அன்பளிப்பு என்று அறிவிப்பான். அந்த அரை நிமிடத்துக்கு அத்தினாபுரி அரசவையில் செய்யாறுக்காரருக்கும் இடம் கிடைத்துவிடும். அடுத்த நொடி தாளம் விழும்; துரியோதனன் விட்ட இடத்திலிருந்து கர்ஜிப்பான்.

கேட்டாயிற்று, பார்த்தாயிற்று. மூன்றாவது படி, செய்வது. மற்ற கலைவிழாக்களில் அரிதாகவே காணக் கிடைக்கும் பகுதி இதுதான்.

பகாசூரன் வதத்தன்று பீமன் வேடக்காரர் மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பழமும் வண்டியில் ஏறும். பீமன் தின்றுகொண்டே வருவான். பெட்டிக்கடையில் தொங்கும் வாழைத்தாரை அவன் இழுத்தால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள முடியாது. ஏகசக்கர நகரத்து மக்கள் அசுரனுக்குச் சோறு அனுப்பினார்கள் என்று பிரசங்கியார் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது அந்த நகரத்து மக்களாகவே ஆகிவிட்டிருப்பார்கள்.

அர்ச்சுனன் தபசு வேறு மாதிரி. கோயில் திடலில் உயரமான பனந்தண்டில் படி அடித்து நட்டிருப்பார்கள். விரதமிருந்த நடிகர் அர்ச்சுனனாக ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவார். பாசுபதம் வேண்டி அவர் கயிலாயம் ஏறும் நேரத்தில், மரத்தடியில் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் விழும். முந்தானையில் பழம் விழுந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, நடிகர் எங்கே முடிந்து அர்ச்சுனன் எங்கே தொடங்கினான் என்ற ஆராய்ச்சியெல்லாம் தோன்றாது.

படுகளத்துக்கு மட்டும் ஊரே முந்தைய நாளிலிருந்து மண் சுமக்கும். துரியோதனன் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்ட மண்ணுருவம். சில ஊர்களில் 50 அடியையும் தாண்டும். விடியவிடிய ‘18-ஆம் போர்’ கூத்து ஆடிய அதே பீமனும் துரியோதனனும் காலையில் அரிதாரம் வழிய அந்த உருவத்தின் மேல் ஏறி, சுற்றி, துரத்தி ஆடுவார்கள். கடைசியில் பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கும்; உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும்; பாஞ்சாலி சபதம் முடிந்து கூந்தல் முடிவாள். ஒப்பாரியும் குலவையும் ஒரே நேரத்தில் கேட்கும். உருவம் கலைவதற்குள் ஆளுக்கொரு பிடி மண் அள்ளி, வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோவார்கள். மாலையில் காப்புக் கட்டியவர்கள் பூக்குழி இறங்குவார்கள்.

செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த விழாவை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், திரௌபதி வழிபாடு பற்றி இரண்டு பெரிய தொகுதிகளை 1988, 1991 ஆண்டுகளில் வெளியிட்டார். பிரசங்கம், கூத்து, சடங்கு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே பின்னலாகப் பார்த்ததுதான் அந்த ஆய்வின் பலம். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியதற்கும், தெருக்கூத்து என்றும் சொல்லப்படும் இந்தக் கூத்தே தூண்டுகோல். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் வழியாக அந்த ஆட்டம் நவீன நாடக மேடைக்குள் வந்தது.

இன்றைய விழாக் குழுக்களுக்குப் பெரிய தலைவலி ஒலிபெருக்கி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. திருவிழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தலாம். அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல்தான். கூத்து தொடங்குவதே 10 மணிக்கு. தீவட்டி வெளிச்சத்தில் வெறும் குரலால் ஊரை எழுப்பிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. மைக் வந்த பிறகு குரல் தூரம் போனது. ஆனால் களரி முழுக்கச் சுழன்று ஆடிய கால்கள் மேலிருந்து தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நிற்கப் பழகிவிட்டன.

ஊர்கூடி என்கிறபோது, யார் ஊர் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து 2023-இல் திருவிழாவின்போது மோதல் வெடித்தது. அந்த ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகே 2024 மார்ச்சில் கதவு திறந்தது. வரி வாங்கும் பட்டியலில் சில தெருக்களை விட்டுவிடுவது, கடவுள் ஊர்வலம் சில தெருக்களுக்குள் திரும்பாமல் போவது, இவையெல்லாம் இந்த விழாக்களின் பழைய கணக்கு. எல்லோருக்கும் வேலை கொடுக்கும் விழா என்று பெருமை பேசும்போது இதை மறைக்க முடியாது.

பெண்களின் இடமும் அப்படியே. பாஞ்சாலியைக் கும்பிடும் விழாவில் பாஞ்சாலி வேஷம் கட்டுவது ஆண்தான் என்பது நெடுநாள் மரபு. 1990-இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று நடத்திய குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பையன்களோடு சிறுமிகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தது. அங்கே பயின்ற பெண்கள் களரி ஏறினார்கள். ஊர்த் திருவிழாக்களில் அவர்களுக்கு இடம் கேட்டுப் போராடும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

கடல் கடந்த தமிழர்கள் இந்த விழாவைக் கையோடு கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதி திரௌபதிக்கானது. அதற்கு முன் பாரத நிகழ்வுகள் அங்கே சடங்காக நடத்தப்படுகின்றன. இலங்கையின் கிழக்கே பாண்டிருப்பில் பாரதம் படித்து, வனவாசம் போய், தீ மிதிக்கிறார்கள். ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழியில் அங்கேயும் கூத்து ஆடப்பட்டது.

சென்னையிலும் கூத்துக்கு மேடை உண்டு. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், இடையில் நின்று, 2023 பொங்கலில் அரசு விழாவாக மீண்டும் வந்தது. பறை, கரகம், ஒயில், கூத்து எல்லாம் பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கின்றன. கலைஞர்களுக்குச் சம்பளமும் கவனமும் கிடைக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் இரவெல்லாம் ஆடும் கலைக்கு அங்கே கிடைப்பது நிமிடக் கணக்கு. பார்வையாளருக்கோ கைதட்டுவதையும் செல்போனில் படம் பிடிப்பதையும் தவிர வேறு வேலை இல்லை. நகரத்து விழாக்காரர்கள் கிராமத்திடமிருந்து ஆட்டத்தை மட்டும் வாங்கி வருகிறார்கள்; ஆட்டத்தைச் சுற்றி ஊருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் முறையையும் வாங்கி வந்தால், பூங்காவில் நிற்கும் கூட்டம் விழாவுக்குச் சொந்தக்காரராகும்.

பார்க்க விரும்புகிறவர்கள் கடைசி நாள் தீமிதிக்கு மட்டும் போகாமல், ஓர் இரவு முன்னதாகவே போய்விடுங்கள். பிற்பகல் சொற்பொழிவைக் கேட்டு, இரவு 18-ஆம் போரைப் பார்த்து, காலையில் படுகளத்தில் நின்றால்தான் கதை முழுசாகக் கைக்கு வரும். விரிப்பும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தபசு மரத்தடியிலும் பூக்குழி ஓரத்திலும் கேமராவை உள்ளே வையுங்கள். கட்டியங்காரன் ஊர்ப் பெயர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பங்குனி முதல் ஆடி வரை காலம் இருக்கிறது. தேதி நோட்டீஸில் இருக்கும்.