அடுக்கில் ஏறிய வள்ளங்கள்

கரை நீளாது, வள்ளங்களோ பெருகிக்கொண்டே போகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தை நெருக்கும் பிரச்சினை இதுவே. நீரிலே கட்டப்படும் ஒவ்வொரு வள்ளமும் கரையில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆதலால், உல்லாச வள்ளங்களைக் கரையேற்றி, நூலகத் தட்டுகளில் நூல்களை வைப்பதுபோல அடுக்கிவைக்கும் பெருங் கட்டடங்கள் அங்கே எழுந்துள்ளன.

முன்புறம் இரு நீண்ட இரும்புக் கரங்களையுடைய தூக்கு வண்டியே இவ்வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்தது. வள்ளத்தை ஏந்தியபடி அது திரும்புவதற்கு, வள்ளத்தின் நீளத்தோடு வண்டியின் நீளமும் சேர்ந்த அகலமுள்ள நடைவழி வேண்டும். பொன்விலை பெறும் நிலத்தில் அவ்வளவும் வெறும் வழியாகக் கிடக்கும். தண்டவாளத்தில் ஓடி, கணினியின் ஏவலுக்கு இயங்கும் பாரந்தூக்கியை அமைத்தால் வண்டிக்குரிய இடம் மிச்சமாகிறது. அடுக்கும் மேலும் உயரலாம்.

ஆனால், யந்திரத்தின் விந்தையை வியப்போர் அடித்தளத்தை மறந்துவிடுகின்றனர். நீர்க்கரை நிலம் பெரும்பாலும் மணலும் சேறுமாகும். வண்டியோட்டி தன் கண்ணால் சரிசெய்துகொள்ளும் சிறு பிசகை யந்திரம் பொறுக்காது. கட்டடம் ஒரு பக்கம் சற்றே அமிழ்ந்தாலும் தண்டவாளம் கோணும். எனவே உறுதியான படைவரை முளைகளை இறக்கியே சுமையைத் தாங்கவைக்க வேண்டும். ஒருபுறம் நீர், மறுபுறம் தெரு. இரும்புத் தூண்களைக் குவித்துவைக்கவும் இடமிராது. வேறிடத்தில் செய்து, பொருத்தும் வரிசைப்படியே கொண்டுவர வேண்டும். எரிபொருள் தாங்கிய கண்ணாடிநார் வள்ளங்கள் நெருங்கியிருப்பதால், ஒவ்வோர் அடுக்கிலும் தீயணைக்கும் நீர்க்குழாய்கள் வேண்டும்.

காற்று இன்னொரு பகை. 1992 இல் ஆன்ட்ரூ சூறாவளி தென் புளோரிடாவைச் சிதைத்தது; அதன் விளைவாக மாநிலம் முழுமைக்குமான கட்டட விதிகள் 2002 இல் நடைமுறைக்கு வந்தன. உயர்ந்த சுவரும் அகன்ற வாயிலுமுடைய இத்தகைய கட்டடத்தில், வாயில் பெயர்ந்தால் உட்புகும் காற்று கூரையையே தூக்கும்.

2022 செப்டெம்பர் 28 ஆந் திகதி இயன் சூறாவளி போர்ட் மையர்ஸ் கடற்கரையை மோதியது. அங்கே இறால் பிடிக்கும் பெரும் படகுகள் கடல் பொங்கித் தரையில் எறியப்பட்டுக் கிடந்தன. அவற்றை நீரில் இறக்க மாதங்கள் பிடித்தன. எந்த அடுக்கிலும் அடங்காத கனமுடையவை அவை. அவற்றுக்கு இன்றும் வேண்டியது நீரோரத்து இடமே.